ஓன் ஜாஃபாரும் நானும்

எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நின்றேன். முன்மொழிந்தவர் வாக்கெடுப்பு நேரத்தில் தே தாரேக் குடிக்கப் போயிருந்தார். வழிமொழிந்தவர் மண்டபத்தில்தான் இருந்தார்; அவர் கை மட்டும் எழும்பவில்லை. கோயில் நிர்வாகம், பள்ளிப் பெற்றோர் சங்கம் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

ஜொகூர் பாருக்காரன் தோற்றால் ஆறுதலுக்கு டத்தோ ஓன் ஜாஃபார் இருக்கிறார். 1946இல் இந்த ஊர் அரண்மனையில் பிறந்த மலாய்க் கட்சியான அம்னோவின் முதல் தலைவர். பிறகு ஜொகூர் மந்திரி புசார். மற்ற இனத்தவரையும் அம்னோவில் சேர்க்கலாம் என்றார். கட்சி மறுத்தது. வெளியேறி, 1951 செப்டம்பரில் எல்லா இனத்துக்குமாக மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். இந்தியர்களின் ம.இ.கா.வும் அவர் பக்கம் நின்றது. (நம்மவர்களின் ராசியைக் கவனியுங்கள்.)

1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தல், 12 இடங்கள். சில வாரங்களே இருக்கும்போது அம்னோவும் சீனர்களின் ம.சீ.ச.வும் கைகோத்து 9 இடங்களைப் பிடித்தன. ஓன் கட்சிக்கு 2. எல்லோரும் ஒரே கட்சியில் சேர்வதைவிட, அவரவர் கட்சியில் இருந்துகொண்டே இடங்களைப் பங்குபோடுவது சுலபம் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. இந்த நாட்டு அரசியல் இன்னும் அந்தக் கணக்கை விட்டு வெளியே வரவில்லை என்பது என் கட்சி. தோற்றவன் பேச்சு, எடுபடாது.

1954இல் ஓன் பார்ட்டி நெகாரா தொடங்கி மலாய்க்காரர் பக்கம் சாய்ந்தார். ம.இ.கா.வோ சத்தமில்லாமல் அம்னோ-ம.சீ.ச. கூட்டணிக்கு மாறிவிட்டது. எனக்கு அந்தச் சாமர்த்தியமும் கிடையாது. முங்கும் படகில் சந்தா கட்டி ஏறுகிறவன் நான். 1955 பொதுத்தேர்தலில் கூட்டணிக்கு 52க்கு 51. ஓன் சொந்த ஊரிலேயே தோற்றார். 1959இல் திரெங்கானுவில் ஒருவழியாக வென்றார். 1962இல் அவர் மறைந்ததும் கட்சியும் தேய்ந்தது.

"அவர் கட்சி கண்டு தோத்தாரு, நீங்க நாற்காலி அடுக்கித் தோத்தீங்க" என்றாள் மனைவி. ஓனின் மகன் ஹுசேன் ஓன் அம்னோவுக்கே திரும்பி 1976இல் பிரதமரானதையும் எடுத்துச் சொன்னேன், நம் பிள்ளையாவது தேறுவான் என்ற நப்பாசையில். அவன் வகுப்புத் தலைவர் தேர்தலுக்கு நிற்கிறானாம். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா. ஆதரவு தந்துடுவாரு."