விதையோடு வந்த ஸ்ட்ராபெரி

கேமரன் மலையில் ஒருவன் சிவப்புக் கார் வாங்கினால் ஊர் அதற்கு ஒரே பெயர்தான் வைக்கும்: ஸ்ட்ராபெரி. அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டுத்தான் நானும் சிவப்பு கேட்டேன். ஸ்ட்ராபெரிக்கு விதை தோலின் மேலேயே இருக்கும் என்பதைக்கூட விடாமல் நினைவில் வைத்துக்கொண்டு தொழிற்சாலையில் வேலை பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

காரை ஈப்போவில் எடுத்தேன். மாலை ஆறரை மணி, நல்ல மழை. விற்பனையாளர் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு பத்து இடத்தில் கையெழுத்து வாங்கினார். "நல்லாப் பார்த்துக்குங்க பாஸ்" என்றார். பார்த்தேன். நனைந்த காரும் கல்யாண மாப்பிள்ளையும் ஒன்று, பளபளப்பில் எதுவும் தெரியாது. 'எக்குறையும் இன்றிப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழேயும் கையெழுத்துப் போட்டேன். சிம்பாங் பூலாய் வழியாக ஏறி, கம்போங் ராஜா தாண்டிப் பனிமூட்டத்துக்குள் தடவித் தடவி வீடு வந்து சேர மணி ஒன்பது.

மறுநாள் பிரிஞ்சாங் முருகன் கோயிலில் பூஜை. நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம், பானெட்டில் சந்தனம், குங்குமம், மாலை. அப்போதும் கண்ணில் படவில்லை. ஐயர் சரியாக அந்த இடம் பார்த்துச் சந்தனம் பூசியிருந்தார்.

மூன்றாம் நாள் அம்மா அதைத் துடைக்கப் போனார். தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் கொழுந்து கிள்ளிய கை அது. பானெட்டின் மேல் போன கை நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

"டேய், நெருடுதுடா."

"தூசியா இருக்கும்மா."

"தூசின்னா துடைச்சாப் போகணும். இது உள்ளுக்கு இருக்கு."

அம்மா சொன்னதுதான் சரி என்பது ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து படித்த பிறகு விளங்கியது. கார்க் கூட்டைப் பாஸ்பேட்டில் கழுவி, மின்சாரம் பாயும் சாயத்தொட்டியில் முழுசாக முக்கி எடுப்பார்கள். துருவுக்கு அதுதான் காவல். அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தலைமுடி கணக்கில் ஒன்றரை முடி. இந்த ஒன்றரை முடியின் அழகுக்குத்தான் நான் ஒன்பது வருடம் பேங்குக்குத் தவணை கட்டப் போகிறேன். பூச்சு காய்வதற்குள் ஒரு துகளோ நூலிழையோ வந்து உட்கார்ந்தால் அதற்கு அங்கேயே சமாதி. அதைத் தடுக்கச் சில தொழிற்சாலைகளில் சாயம் அடிக்கும் முன் கூட்டை நெருப்புக்கோழி இறகு கட்டிய உருளைகளால் துடைக்கிறார்கள். என் கார் வரிசையில் வந்த அன்று அந்தக் கோழி விடுப்பில் இருந்திருக்க வேண்டும்.

படித்தவன் சும்மா இருப்பானா? அடுத்த ராத்திரி டார்ச் விளக்கோடு இறங்கினேன். பானெட்டில் பதினேழு துகள். இடது பின் கதவின் அடியில் சாயம் வழிந்து அப்படியே உறைந்த ஒரு சொட்டு, அழுது ஓய்ந்த பிள்ளையின் கன்னம் மாதிரி. பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் சன்னலைத் திறந்து யாரது என்று அதட்டினார். சொந்தக் காரைப் பதினொரு மணிக்குக் குனிந்து முகர்ந்து பார்க்கிறவன் என்ன பதில் சொல்வது? பூனையைத் தேடுகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் பூனை இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் அடித்தேன். எடுத்தது ஒரு தமிழ்த் தம்பி. "வெயில்ல நிறுத்திப் படம் எடுத்து அனுப்புங்கண்ணே" என்றான். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே, நவம்பர் மாதத்தில், வெயில்! ஆறு நாள் காத்திருந்தேன். ஏழாம் நாள் மேகம் விலகி நாலு நிமிடம் வெயில் அடித்தது. ஓடிப்போய் இருபது படம் எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது: "அண்ணே, நீங்க தெரியிறீங்க. குறை தெரியலை." உண்மைதான். இருபது படத்திலும் கைலியோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

மாமாவிடம் புலம்பினேன். மாமா காய்கறித் தோட்டத்துக்கு லேண்ட் ரோவர் ஓட்டுகிறவர். இந்த மலையில் அந்தக் கிழட்டு வண்டிகள்தான் இன்னும் முட்டைக்கோஸ் சுமக்கின்றன. "காடி ஓடுதா? அப்புறம் என்னா சாயம்?" என்றார். அவர் வண்டிக்கு அடித்திருப்பது கோயில் கதவுக்கு வாங்கி மிஞ்சிய பச்சை, அதுவும் பிரஷ்ஷால். குறை சொல்ல முடியாது. 1948இல் லேண்ட் ரோவர் பிறந்தபோது பிரிட்டனில் இரும்புக்குப் பஞ்சம் என்று உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். இராணுவ விமானங்களுக்கு வாங்கி மிஞ்சிய பச்சைச் சாயத்தை எடுத்து அடித்தார்கள். மிஞ்சியதை அடிப்பது அந்த வண்டியின் குலவழக்கம். மாமா அதை மீறவில்லை, அவ்வளவுதான்.

காரை ஈப்போவுக்கே கொண்டுபோனேன். தம்பி சுற்றிவந்து பார்த்தான். பறவை எச்சம், மரப்பிசின், மலைக்காற்று, காய்கறி லோரி கிளப்பும் மண் என்று வரிசையாகச் சொன்னான். வாரண்டிப் புத்தகத்தைத் திறந்து, வெளிச்சூழலால் வரும் எதற்கும் பொறுப்பில்லை என்ற பக்கத்தைக் காட்டினான். அந்தப் பக்கம் மட்டும் கை பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தது. கடைசியில் பானெட் விளிம்பில் மிச்சமிருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துவிட்டான். "சந்தனம் வச்சீங்களாண்ணே? சாமி விஷயத்துக்கு வாரண்டி கிடையாதுண்ணே." குறை கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கிறது, பறவை அதற்குள் எப்படிப் போயிருக்கும் என்று கேட்டேன். "இது நார்மல்ணே" என்றான். தலைவலி, கால்வலி, சாயம் எல்லாவற்றுக்கும் இப்போது இந்த ஒரே மருந்துதான்.

தாப்பாவில் வாத்தியாராக இருக்கும் நண்பர்தான் வழி சொன்னார். அமெரிக்காவில் ஓட்டை உடைசலாக வந்த புதுக் காருக்கு எலுமிச்சை என்றுதான் பெயராம். அதற்கென்று 1982 முதல் மாநிலங்களில் சட்டம், சிங்கப்பூரில் 2012இலிருந்து. கார் கெடாமலிருக்க நாம் எலுமிச்சையைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்குகிறோம், அவர்கள் கெட்ட காரையே எலுமிச்சை என்கிறார்கள். நான் நாலு பழத்தை நசுக்கி ஐந்தாவதில் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறேன். மலேசியாவில் நமக்குக் கையில் இருப்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். அதில் 32ஆம் பிரிவு, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதோடு விடவில்லை. தோற்றமும் மெருகும் ஏற்கும்படி இருக்க வேண்டும், சிறு குறைகளும் கூடாது என்று தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது அதை எழுதியவர் வீட்டுக் காரும் நெருடியிருக்கும் என்றே தோன்றியது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி, கோரிக்கை ஐம்பதாயிரம் வெள்ளி வரை, வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. மனுப் படிவத்தை நிரப்பிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி ஈப்போவுக்கு இறங்கினேன். வக்கீலுக்குப் பதிலாக அம்மா வந்தார்.

இந்த முறை மானேஜரே வந்தார், சீனர். அம்மா படிவத்தை எடுக்க விடவில்லை. மானேஜரின் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பானெட்டில் வைத்து மெதுவாக இழுத்தார். விரல் ஒரு துகளில் தட்டி நின்றது. "இனி ஆப்பா?" என்றார் அம்மா. இது என்ன என்பதற்கு அம்மாவின் தோட்டத்து மலாய். மானேஜர் பதில் சொல்லாமல் தம்பியைப் பார்க்க, தம்பி வழக்கப்படி நார்மல் என்று ஆரம்பித்தான்.

"என்னாப்பா நார்மலு?" அம்மா தமிழுக்கு வந்துவிட்டார். "பனியில நனைஞ்சு, அட்டை கடிச்சு, கிள்ளிக் கொண்டாந்த கூடையில நாலு முத்தல் இலை கிடந்தா மண்டோரு கூடையையே கவுத்துக் கொட்டுவாரு. நிறுவையில கிராணி கிலோவக் கழிச்சிடுவாரு. முப்பத்திரண்டு வருசத்துல ஒருத்தராச்சும் இது நார்மலுன்னு எங்கள விட்டிருக்காங்களா? எங்க கூடைக்கு ஒரு நியாயம், ஒங்க காடிக்கு ஒரு நியாயமா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் பாட்டி பீடோர் பக்கம் பால்மரம் வெட்டியவராம், பிறகு சொன்னான்.

மானேஜர் பானெட் முழுவதையும் புதிதாகச் சாயம் அடித்துத் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். அம்மா என்னை முறைத்தார். தொழிற்சாலையில் வெறும் கூட்டை ஏறக்குறைய 140 டிகிரியில் வேகவைக்கிறார்கள். முழுக் காரைப் பட்டறை அடுப்பில் அப்படிப் போட்டால் ஒயரும் பிளாஸ்டிக்கும் உருகும், அதனால் 60 டிகிரியோடு நிறுத்துவார்கள். குழம்பைக் கொதிக்க வைப்பதற்கும் சுட வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்று சொன்னதும் அம்மாவுக்குப் புரிந்தது. ஆகவே 2000 நம்பர் உப்புத்தாளில் நீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போட முடிவாயிற்று. கிளியர் கோட் அரை முடி கனம்தான், அதிகம் தேய்த்தால் போயே போய்விடும். ஒரு நாள் முழுக்க வேலை நடந்தது. கதவுச் சொட்டு போயிற்று. பானெட்டில் பதினான்கு போயின. மூன்று ஆழத்தில் இருந்ததால் விட்டுவிட்டார்கள். அந்த இடங்களில் சாயம் உரிந்தால் தங்கள் பொறுப்பு என்று மானேஜர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஐந்து வெள்ளி மிச்சம்.

அந்த மூன்றும் எங்கே என்று இப்போது எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியும்.

புதுக் கார் எடுக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காலையில் போங்கள், மழை நாளில் வேண்டாம், கையெழுத்துப் போடும் முன் தடவிப் பாருங்கள். வீட்டில் கொழுந்து கிள்ளிய விரல் இல்லையென்றால் சொல்லியனுப்புங்கள், அம்மா ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருக்கிறார். பெட்ரோலும் இரண்டு தோசையும் உங்கள் செலவு. ஈப்போ வரைதான் வருவார், கோலாலம்பூர் என்றால் தலைசுற்றல் மாத்திரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.