சும்மா ஒரு விசாரணை

காவல் நிலையத்திலிருந்து போன் வந்தால் பதறாதீர்கள். "சும்மா ஒரு விசாரணை, வந்துட்டுப் போயிடுங்க" என்பார் ஏட்டையா. கைது என்று வாய்தவறியும் சொல்லமாட்டார். சொன்னால் வம்பு. கைதானவருக்கு வக்கீல் உண்டு, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்து என்று அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு உயிரை வாங்கும். கைதே இல்லையென்றால் வக்கீலும் இல்லை, கடிகாரமும் இல்லை.

உள்ளே நுழைந்ததும் செல்போன் ரைட்டர் மேசைக்குப் போய்விடும். வக்கீலைக் கூப்பிடணும் என்று கேட்டுப் பாருங்கள். "தப்பு பண்ணலைன்னா வக்கீல் எதுக்குடா?" வாங்க, போங்க எல்லாம் வாசலோடு சரி.

1978இல் நந்தினி சத்பதி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தெளிவாகச் சொன்னார்: தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் போலீஸ் விசாரணையிலும் மௌனம் காக்கலாம், வக்கீல் வேண்டும் என்பவருக்கு மறுக்கக் கூடாது. அந்த அம்மையார் ஒடிசாவின் முன்னாள் முதல்வர். முன்னாள் முதல்வர் வாய் திறக்காவிட்டால் அது உரிமை. கொத்தனார் திறக்காவிட்டால் திமிர். திமிருக்கு நிலையத்தில் வைத்தியம் உண்டு.

2024 ஜூலையில் புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தது. நாகரிக் சுரக்ஷா என்று நாக்கு சுளுக்கும் பெயர். அதன் 38ஆம் பிரிவு, கைதானவர் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுக்க அல்ல என்கிறது. பழைய சட்டத்தின் 41டி பிரிவு சொன்னதும் இதேதான். பெயர்ப்பலகையை மாற்றியவர்கள் அந்த 'ஆனால்'மீது தூசுகூடத் தட்டவில்லை. வக்கீல் இருக்கும்வரை லத்தி ஓய்வெடுக்கும். அவர் படியிறங்கியதும் டியூட்டியில் சேரும்.

கேமரா இருக்கிறதே என்பீர்கள். 2020இல் சாத்தான்குளத்திலும் இருந்தது. பதிவுகள் தினந்தோறும் தானாகவே அழியும்படி அமைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டே அறிக்கை கொடுத்தார். கடையடைக்கத் தாமதம் என்று அங்கே பிடித்துச் செல்லப்பட்ட அப்பனும் மகனும் பிணமானார்கள். கேமராவுக்கு ஞாபகமறதி.

கடைசியாக, கழிப்பறை. அங்கே ஜாக்கிரதை. நம் காவல் நிலையக் கழிப்பறைகள் ஆளறிந்து வழுக்குபவை. அதே தரையில் தினமும் நடக்கும் இன்ஸ்பெக்டர் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு போட்டதாக நீங்கள் செய்தி படித்ததுண்டா? பிடிபட்டவனுக்கு மட்டும் வலது கை, இடது கால் என்று கணக்காக முறிகிறது. போட்டோவும் வெளிவருகிறது, நாமும் 'நல்லா வேணும்' என்று பகிர்கிறோம்.

விசாரணை முடியும்வரை ஒரு வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தத் தரை ஒரே நாளில் காய்ந்துவிடும். இது தெரியாமலா அந்த 'ஆனால்'ஐ விட்டுவைத்திருக்கிறார்கள்?