அடகுக் கடையில் நேர்மை

கேள்வி: மோசடிக்காரன் மனம் திருந்தும் பழைய காதல் படம் ஒன்று சொல்லுங்கள். காதலி இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டதும் நாயகன் திருந்திவிடக் கூடாது!

பதில்: ராஜ் கபூர் இயக்கி நடித்த 'ஸ்ரீ 420' பாருங்கள். 1955-இல் வந்த இந்திப் படம், கதையில் கே.ஏ. அப்பாஸின் கைவண்ணம். அலகாபாத்திலிருந்து பம்பாய்க்கு வேலை தேடி வரும் பட்டதாரி, நேர்மைக்காக வாங்கிய பதக்கத்தையே அடகு வைக்கிறான். நேர்மை கடைக்குப் போனதும் சீட்டுக்கட்டு கைக்கு வருகிறது. அங்கிருந்து பணக்கார சேட்டின் மோசடிக் கம்பெனிக்கு ஒரே தாவல்தான்.

ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வித்யாவாக நர்கிஸ். கொட்டும் மழையில் ஒரே குடைக்குள் நனையாமல் நின்ற காதல், பகட்டான விருந்தில் நனைந்துபோகிறது. அவள் கெஞ்சிக்கொண்டு நிற்பதில்லை, விலகிப் போகிறாள்.

அவனை உண்மையில் உலுக்குவது, நூறு ரூபாய்க்கு வீடு என்ற திட்டம். நடைபாதையில் தன்னைச் சேர்த்துக்கொண்ட ஏழைகளே சேமிப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வாழைப்பழம் விற்கும் தாயாக லலிதா பவார் மனதில் நிற்பார். முகம் தெரியாதவர்களை ஏமாற்றும்வரை அது அவனுக்குச் சாமர்த்தியம். மகனே என்று அழைத்தவளை ஏமாற்றப் போகும்போதுதான் அது பாவம் என்று உறைக்கிறது. திருந்துவதோடு நில்லாமல், கற்ற தந்திரத்தாலேயே சேட்டின் கூட்டத்தை மாட்டிவிடுகிறான்.

கவர்ச்சியான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டப்போகும் எவரும், கையெழுத்துக்கு முன் ஒருமுறை இந்தப் படத்தைப் பார்த்துவிடுவது நல்லது.