டெமோ அண்ணை

உட்துறைமுக வீதியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால், ஒரு வீட்டின் யன்னலுக்கு உட்பக்கம் மெத்தை நிமிர்த்தி வைத்திருக்கும். அந்த மெத்தைக்குப் பின்னால்தான் டெமோ அண்ணை இருக்கிறார். திருகோணமலையில் இப்போது ஒழுங்கைக்கு ஓர் ஆள் இப்படி உண்டு. ஆகவே இது தன்னைப் பற்றித்தான் என்று எவரும் தனியாகக் கோபிக்க வேண்டாம். எல்லாரும் சேர்ந்து கோபிக்கலாம்.

பாட்டுக்கு டெமோ போட்டு வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டு இன்னும் வரவில்லை. இசை மென்பொருள் கம்பனிகள் பழகிப் பார்க்கச் சும்மா கொடுக்கிற டெமோ இருக்கிறதே, அதனால் வந்த பட்டம்.

மெத்தைக்கு முன்பு அந்தச் சுவரில் முட்டைத் தட்டுகள் இருந்தன. எட்டு மாதம் அந்த வீட்டில் முட்டைக் குழம்பு, முட்டைப் பொரியல், முட்டை ரொட்டி. சுவர் நிறைந்த பிறகுதான் முட்டைத் தட்டு வெளிச்சத்தம் எதையும் தடுக்காது என்பது தெரிந்தது. கழற்றி வாசலில் வைத்தார். எங்கள் ஊர் மான்களைத்தான் தெரியுமே, விடிவதற்குள் பாதியைத் தின்று முடித்துவிட்டன. அண்ணையின் ஸ்டூடியோவால் இதுவரை பயனடைந்தது அவை மட்டும்தான்.

"பாட்டு எந்தளவில அண்ணை?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "இப்ப மாறிக்கொண்டிருக்கிறன் தம்பி." முதலில் எஃப்.எல். ஸ்டூடியோ. பெல்ஜியத்துச் சாமான். அதன் இலவசப் பதிப்பில் எல்லாம் செய்யலாம், சேமிக்கலாம். சேமித்ததைத் திரும்பத் திறப்பதற்குத்தான் காசு கட்ட வேண்டும். மூடினால்தானே திறக்க வேண்டும் என்று அண்ணை யோசித்தார். லப்டொப்பை மூடவேயில்லை. பதினொரு நாள், வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறி அதன் பக்கம் திரும்பியிருந்தது. மனிசி பிள்ளைகள் விறாந்தையில் படுத்தார்கள். அது 2022 மார்ச். 13 மணித்தியால மின்வெட்டு என்று நாட்டுக்கே அறிவித்த மாதம். லப்டொப் பற்றரி எப்போதோ செத்துவிட்டது. பல்லவியும் முதல் சரணமும் இன்றைக்கும் அதற்குள் பத்திரமாக உள்ளன. அந்த வருஷத்து டொலர் மாதிரி, இருக்கும், எடுக்க ஏலாது.

பிறகு கேக்வோக். அதைப் பாடமாக்கி முடித்த பிறகுதான் கதை தெரிந்தது: 2017 கடைசியிலேயே கிப்சன் கம்பனி அதைக் கைவிட்டுவிட்டதாம். அடுத்த வருஷமே பாண்ட்லாப் வாங்கி இலவசமாக்கியது. இலவசம் என்றதும் அண்ணைக்கு மரியாதை போய்விட்டது. லொஜிக் வேண்டுமென்றால் அப்பிள் கணினி வேண்டும்; அதற்கு ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் மனம் வைக்க வேண்டும். (மச்சான் போன முறை அனுப்பியது பெரிய சைஸ் ரீசேட் இரண்டு.) கடைசியில் ரீப்பருக்கு வந்தார். 60 நாள் சும்மா பாவிக்கலாம், அதற்குப் பிறகும் நின்றுவிடாது. திறக்கும்போதெல்லாம் காசு கட்டச் சொல்லிச் சில வினாடி காக்கவைக்கும், அவ்வளவுதான். கடன்காரனுக்கு இத்தனை பண்பு எங்கே வரும்? தனியாள் விலை 60 டொலர். டொலர் 200 ரூபாயாக இருந்தபோது 12,000. அண்ணை வந்த நேரம் டொலர் 360 ஆகி, விலை 21,600க்குப் போயிருந்தது. "கொஞ்சம் இறங்கட்டும்" என்றார். இப்போதும் இறங்கட்டும் என்றுதான் இருக்கிறார்.

ஊர்வாகு என்றும் சொல்லலாம். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லாரும் வந்து பிடித்து, துறைமுகத்தின் ஆழத்தை அளந்து, ஆகா என்று சொல்லிவிட்டுப் போன இடம் இது. அதே ஊரில்தான் பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் எந்த மென்பொருளும் இல்லாமல் மெல்லிசை பாடிப் பேரெடுத்தார்கள். அதைச் சொன்னால் அண்ணை, "அப்ப இவ்வளவு தெரிவு இல்லைத் தம்பி, அதுதான் அவையளுக்குச் சுகம்" என்பார். யோசித்தால் அதிலும் ஒரு நியாயம் உண்டு.

போன மாதம் ஒரு ஞாயிறு, கோணேசர் மேல் சம்பந்தர் பாடிய பதிகத்தைப் பதிவதென்று பெரியப்பாவைப் பிடித்து வந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர், வயது எழுபத்தெட்டு, குரல் இன்னும் ஓய்வுபெறவில்லை. ஹெட்போனை மாட்டிவிட்டார். பெரியப்பா ஓர் அடி பாடினார், நின்றார், திரும்பிப் பார்த்தார்.

"எனக்குப் பின்னால ஆர் தம்பி பாடுறது?"

"அது நீங்கள்தான் பெரியப்பா. லேட்டன்சி."

கணினி ஒலியை 1,024 துண்டாகச் சேர்த்து வைத்துத்தான் அனுப்பும். வினாடிக்கு 44,100 துண்டு என்ற கணக்கில், போகும் வழியில் மட்டும் 23 மில்லி வினாடி பிந்தும். எட்டு மீற்றர் தள்ளி நின்று இன்னொருவர் கூடப்பாடுகிற மாதிரி. அண்ணை அதை 128க்கு இறக்கினார். பிந்தல் போனது, கிழட்டு லப்டொப் மூச்சுமுட்டிச் சோளம் பொரித்தது. இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் போயிற்று. பெரியப்பா அதற்குள் இரண்டு பிளேன்ரீ குடித்துவிட்டார்.

அடுத்தது சுருதி திருத்தும் மென்பொருள். ஓட்டோ டியூனை 1997இல் கொண்டுவந்தவர் ஆண்டி ஹில்டெபிராண்ட். அதற்குமுன் நிலத்துக்குள் ஒலியனுப்பி எண்ணெய் தேடும் கணக்கில் இருந்தவர். "சீனக்குடாவில 99 எண்ணெய்த் தாங்கி இருக்கிற ஊருக்கு இது பொருத்தம்தானே" என்று அண்ணை சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"பெரியப்பா, இது மேஜரா, மைனரா?"

"நான் ஆமியில இருந்ததில்லைத் தம்பி. தபால் கந்தோர்."

"இல்லை, பாட்டு."

"பாட்டு புறநீர்மைப் பண்."

பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். புறநீர்மை இல்லை. அதற்கு நேரான இராகம் பூபாளமும் இல்லை. மைனர் என்று போட்டு அமத்தினார். பெரியப்பா எங்கெங்கே குழைந்து, இழுத்து, வழுக்கி இறங்கினாரோ அங்கெல்லாம் அது பிழை பிடித்து, இஸ்திரிப் பெட்டி வைத்தாற்போல நேராக்கியது. போட்டுக் காட்டினார். பெரியப்பா கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

"நல்லாப் பாடுறார். ஆனா எங்கட ஊர் ஆளில்லைப் போல."

திருத்தத்தை எடுத்துவிட்டு, வெறுங்குரலில் இன்னொரு முறை. இந்தத் தடவை எல்லாம் கூடிவந்தது. காகம் கத்தவில்லை. கரண்ட் போகவில்லை. அண்ணை மூச்சை அடக்கியபடி எனக்குக் கைகாட்டினார். கடைசி அடியில் பெரியப்பா குரலை மெல்ல ஏற்றும்போது, ஒழுங்கை முனையில் பாண் ஓட்டோ திரும்பியது. பீதோவன் 1810இல் எழுதிய 'ஃபூர் எலீஸ்', தகர ஒலிபெருக்கியில், மெத்தையையும் தாண்டி. பெரியப்பா நிறுத்தவில்லை, பாடி முடித்து, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்து, "தம்பி, ஓடிப்போய் ஒரு றாத்தல் பாண் வாங்கும்" என்றார்.

நான் பாணோடு திரும்பியபோது அண்ணை உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. முகத்தில் கவலையும் இல்லை.

"குரலை வேற, பாண்காரனை வேற பிரிச்செடுக்கிற சாமான் ஒண்டு வந்திருக்காம் தம்பி" என்றார். "டெமோ இறங்கிக்கொண்டிருக்கு."