பத்து முதல் இருபது கிலோ வரை

தாம்பரத்தில் ஒரு வங்கி அதிகாரி வீட்டுக்கு கிரேட் டேன் குட்டி வந்து சேர்ந்தது. வம்சாவளிச் சான்றிதழில் அதற்கு வாயில் நுழையாத ஒரு ஜெர்மன் பெயர் இருந்தது. பாட்டி அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த நாய் எல்லாமே மணிதான், இதுவும் மணி.

முந்தைய மணிகள் நிதானமாக வளர்ந்தவை. இந்த மணி இரண்டு மாதத்தில் பத்துக் கிலோவைத் தொட்டது. அதன் பிறகு மாதம் ஏழெட்டுக் கிலோ ஏறியது. அது உட்கார்ந்து சொறியத் தொடங்கியபோது பின்னங்கால் தரையில் இடித்த சத்தத்துக்குக் கீழ்வீட்டு மாமி இரண்டு தடவை வாசற்கதவைத் திறந்து பார்த்துவிட்டார்.

உண்ணியாக இருக்கும் என்றார்கள். உண்ணி கடித்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு கிடக்கும், விரலுக்கு அகப்படும். இதுவோ முடிக்குள் ஓடியது, பிடிக்கப் போனால் துள்ளியது. பாட்டி மனசில்லாமல் தன் பேன்சீப்பைக் கொடுத்தார். வாலடியில் வாரியபோது பொடிப்பொடியாகக் கறுப்புத் துகள்கள் உதிர்ந்தன. ஈரமான டிஷ்யூ காகிதத்தில் போட்டதும் ஒவ்வொன்றையும் சுற்றிச் செம்பழுப்புக் கறை பரவியது. வெறும் மண் அப்படிக் கரையாது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். மணியிடம் குடித்த ரத்தம்.

தெருவே வைத்தியம் சொல்ல வந்தது. பூண்டை அரைத்துச் சோற்றில் கலக்கச் சொன்னார் ஒருவர். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. தெள்ளு அளவுமீறிக் குடித்தாலே குட்டிக்குச் சோகை வரும்; பூண்டு வேறு சேர வேண்டுமா? இன்னொருவர் அமிட்ராஸ் கொண்டுவந்தார். அது உண்ணிக்கானது, தெள்ளுக்குக் கேட்காது, நான்கு மாதம் ஆகாத குட்டிக்கு ஆகவும் ஆகாது. மூன்றாமவர் சொன்ன பெர்மெத்ரினை நாய் தாங்கும், பூனைக்கு அது விஷம். மாடிப்படிப் பூனையோ மதிய நேரத்தில் மணியின் முதுகில்தான் தூங்கும். கடைசியில் வேப்பிலை மூட்டம் போட்டார்கள். மனிதர்கள் மட்டும் வெளியேறினார்கள்.

அதிகாரி மருந்துக்கடைக்குப் போனார். பிடரியில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து 10–20 கிலோ, 20–40, 40–60 என்று வகைவகையாக இருந்தது. அவர் யோசிக்காமல் 40–60 கேட்டார். மகனுக்குப் பள்ளிக்கூடச் சீருடை எடுப்பதிலும் அவருக்கு இதே கொள்கைதான்: வளர்கிற பிள்ளை, பெரிய அளவாகவே இருக்கட்டும், அடியில் மடித்துத் தைத்துக்கொள்ளலாம். மருந்தை மடித்துத் தைக்க முடியாதே. “சார், இன்னைக்கு என்ன எடையோ அதுக்குத்தான் மருந்து. பெரிய டப்பா வாங்கிப் பாதி ஊத்துற வேலையும் வேண்டாம்” என்றார் அங்கே இருந்த கால்நடை டாக்டரம்மா.

ஆகவே எடை பார்க்க வேண்டியதாயிற்று. குட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துப் பார்ப்பது சுலபமான வழி. மணி 17 கிலோ என்று தெரிந்தது. அதிகாரியின் எடையும் மனைவிக்குத் தெரிந்துபோனதால் அன்று இரவே வீட்டில் இரண்டு பேருக்கு வைத்தியம் ஆரம்பமானது. அடுத்த மாதம் மணியைத் தூக்க முடியவில்லை. பழைய இரும்புக்கடைத் தராசில் பிஸ்கட் காட்டி நிறுத்தியபோது முள் 25-ஐத் தாண்டியது. வீட்டில் மிச்சம் இருந்த 10–20 குப்பி அத்துடன் பயனற்றுப் போனது. அதை விட்டிருந்தால் மருந்து போதாமல் தெள்ளு பிழைத்திருக்கும்.

மருந்து விட்ட மறுநாள் சனிக்கிழமை. சீயக்காயும் கையுமாகக் கிளம்பிய பாட்டியைத் தடுப்பது பெரும்பாடாகிவிட்டது. சொட்டு மருந்து தோலின் எண்ணெய்ப்பசையோடுதான் உடம்பெங்கும் பரவும். முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் குளியல் கூடாது.

அப்படியும் பாட்டியின் கணுக்காலில் கடி நிற்கவில்லை. மருந்து போலி என்று அதிகாரி முடிவுகட்டினார். மருந்தில் குற்றமில்லை. ஒரு பெண் தெள்ளு நாளைக்கு 40, 50 முட்டை இடும். ஒட்டாத, வழவழப்பான முட்டைகள். மணி உடம்பை ஒரு தடவை உதறினால் வீடு முழுக்க விதைப்புதான். நிபுணர்களின் பொதுக் கணக்குப்படி மொத்தத் தெள்ளுக் குடும்பத்தில் நாய்மேல் இருப்பது ஐந்து சதவீதமே. மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக இலவம்பஞ்சு மெத்தைக்கடியிலும் சோபா இடுக்கிலும் மொசைக் விரிசலிலும் கிடக்கிறது. புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, வறட்சியும் ஆகாது. சென்னைக் காற்றில் வறட்சிக்கு எங்கே போவது?

கூட்டுப்புழுதான் இதில் பெரிய கில்லாடி. தூசியை மேலே ஒட்டிக்கொண்டு, மருந்துக்கும் மசியாமல், மாதக்கணக்கில் காத்திருக்கும். அதிர்வு, சூடு, மூச்சுக்காற்று இவற்றில் ஏதாவது பட்டால் சட்டென்று வெளியே வரும். தீபாவளிக்கு ஊருக்குப் போன குடும்பம் திரும்பிவந்து பெட்டியைத் தரையில் வைத்ததும் நான்கு பேர் முழங்காலுக்குக் கீழே கடி வாங்கியது இதனால்தான். அத்தனை நாள் கழித்து வந்தவர்களுக்கு வரவேற்பு!

லண்டனில் சார்லஸ் ராத்ஸ்சைல்டு என்று இன்னொரு வங்கிக்காரர் இருந்தார். தெள்ளுகளை ஆசையாகத் தேடிச் சேர்த்தவர். பிளேக்கைப் பரப்பும் எலித் தெள்ளுக்கு 1903இல் பெயர் வைத்தவரும் அவரே. மகள் மிரியமும் தெள்ளு ஆய்வில் பேரெடுத்தவர். தந்தையின் சேகரிப்பு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. தாம்பரத்துச் சேகரிப்போ வேக்குவம் கிளீனர் பைக்குள் போய், அது கட்டப்பட்டு நேரே வாசல் குப்பைத்தொட்டிக்குப் போனது.

தினமும் வேக்குவம் போட்டார்கள், மணியின் விரிப்பைச் சுடுநீரில் துவைத்தார்கள், முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் மெத்தோப்ரீன் கலந்த தெளிப்பை இடுக்குகளில் அடித்தார்கள். மூன்று மாதத்தில் வீடு அடங்கியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குட்டி வளர்ந்தால், அதன் வாலடியில் அரிசிமணி அளவில் ஏதாவது நெளிகிறதா என்றும் பாருங்கள். தெள்ளைக் கடித்து விழுங்கும் நாய்க்கு நாடாப்புழு வரலாம். அதற்குத் தனி மாத்திரை உண்டு. டாக்டர் அதற்கும் எடைதான் கேட்பார். தயவுசெய்து போன மாதத்து எடையைச் சொல்லாதீர்கள்.