பேயைக் காட்டி ஜெயிச்ச வாதம்

ஏண்டா பேராண்டி, டீக்கடையில பெரிய வாதம் பண்ணி ஜெயிச்சுட்டியாமே! "சாமி இல்லன்றவனுக்கு ஏதுடா ஒழுக்கம்?"னு நீ போட்ட போடுல அந்தப் பையன் எழுந்தே போயிட்டானாம். பேஷ். நம்ம ஊரு விண்ணாம்பாறைப் பெருமாளே பாம்புப் படுக்கையில எழுந்து உக்காந்து கை தட்டியிருப்பாரு.

பஞ்சனாப்பாடிக் குன்றுல நிக்கிற பார்சுவநாதர்தான் தட்டியிருக்க மாட்டாரு. அவருக்கும் பாம்புதான் குடை. ஆனா உலகத்தைப் படைச்சவன்னு ஒருத்தன் கிடையாதுன்னு சொல்ற சமண மதம் அவரோடது. அந்தச் சமணர்தான் பூச்சி புழு செத்துடப்போவுதுன்னு பொழுது சாஞ்சா சோத்தைத் தொடமாட்டாங்க. நீ காலையில நாமம் போட்டுக்கினு மத்தியானம் வட்டிக்கு வட்டி எழுதுற. ஒழுக்கத்தைப் பத்திப் பேச உனக்குத்தான் தகுதி!

இளங்காயிபன்னு ஒருத்தன் சொல்லி மோசின்றவன் வெட்டுன கல்படுக்கை அந்தக் குன்றுல இருக்கு. தமிழி எழுத்துல பேரோட. சுமார் 1,700 வருஷம் ஆச்சு. சோழர் காலத்துல விண்ணகோவரையன்ற தலைவன் அங்கிருந்த சமணச் சாமியாருக்குப் பள்ளிச்சந்தம்ன்ற மானியமே குடுத்தான். உன்ன மாதிரி "படைச்சவன் இல்லன்றவனுக்கு ஏதுடா ஒழுக்கம்"னு அவன் கேக்கல. பாவம், உன் அறிவு இல்ல அவனுக்கு.

அட, சமணர் மட்டும் என்ன யோக்கியமாவா வாதாடுனாங்க? நீலகேசின்ற சமணக் காப்பியத்தைக் கேளு. பழையனூர் நீலின்ற பேய், ஒரு சமண முனிவரை மிரட்டப் போனவ, அவருகிட்டயே தோத்து சிஷ்யையாயிட்டா. அப்புறம் பௌத்தக் குண்டலகேசி, புத்தர், ஆசீவகன், வேதவாதின்னு ஒருத்தரையும் விடல. எல்லார்கிட்டயும் வெற்றி! எழுதுனவரு அவ கட்சி, எதிராளி எப்படிடா ஜெயிப்பான்? கடைசியில, ஐம்பூதத்தைத் தவிர ஒண்ணுமில்லன்னு சொன்ன பூதவாதி வந்தான். அவனுக்கு மட்டும் பேச்சு பத்தல. பேய் உருவத்தையே எடுத்துக் காட்டிட்டா. அவன் நடுங்கி ஒத்துக்கினான். பயந்து தலையாட்டுனா வாதம் முடிஞ்சுதா? நீ டீக்கடையில கத்தினியே, அதுவும் அந்தப் பேய் வேலைதான். நீலி அழகாவாவது மிரட்டினா.

அவ கூட்டத்துல ஒரு நல்ல பழக்கம் இருந்துச்சு. அந்தக் குண்டலகேசி பேர்ல இருந்த நூல் முழுசா நமக்குக் கெடைக்கல. ஆனா நீலகேசிக்கு உரை எழுதுன சமய திவாகர வாமன முனிவரு, எதிராளி பாட்டை அவங்க வார்த்தையிலயே எடுத்துக் காட்டிட்டு அப்புறம்தான் மறுப்பாரு. தோக்கடிக்க எடுத்த துண்டுலயும் அந்த பௌத்தக் காப்பியம் கொஞ்சமாவது தப்பிச்சு நிக்குது. நீ போய் அந்தப் பையன் சொன்னதுல ஒரு வரியைத் திருப்பிச் சொல்லு பாப்போம். தெரியாதில்ல? அவன் சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடியே நீ ஜெயிச்சுட்டியே!

நாளைக்கு அவனைக் கூப்பிட்டு உக்கார வை. அவன் கட்சியை அவனே தலையாட்டுற மாதிரி நீ சொல்லு. அதுக்கப்புறம் உன் கட்சியை எடு. முடியலன்னா அவனுக்கும் சேத்து காசைக் குடுத்துட்டு, வாயை மூடிக்கினு வடையைத் தின்னு.