பழகும்போதே பாடம் சொல்லலாமா?

கேள்வி: தையல் பழகி மூன்று மாதம்தான் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லித்தரச் சொல்கிறார்கள். நானே கற்றுக்குட்டி, சொல்லிக்கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, மல்லாங்கிணறு

பதில்: தாராளமாக! உங்கள் மாவட்டத்துத் தொழிலே அப்படி வந்ததுதான். சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய், சில மாதங்கள் தீப்பெட்டித் தொழில் பழகித் திரும்பினார்கள். சிவகாசிக்கே அது பிழைப்பானது. 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் புதிதாகச் சைக்கிள் பழகிய பெண்களே மற்ற பெண்களுக்கும் பழக்கினார்கள். முழங்காலில் காயம் ஆறாதவருக்குத்தானே எந்த இடத்தில் விழுவோம் என்று நன்றாகத் தெரியும்! தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், போதும். பட்டாசு மருந்துக் கலவை என்றால் கதை வேறு. அங்கே அரைகுறைப் பாடம் உயிரைக் குடிக்கும். தையலில் போனால் ஒரு முழத் துணி. கல்யாண ஜாக்கெட்டை மட்டும் கைதேர்ந்தவரிடம் விட்டுவிட்டு, பாவாடையிலிருந்து இன்றே ஆரம்பியுங்கள்.